ஊர் தெரியாத ஜாக்கி

பெங்களூரில் தும்கூர் சாலையை ஒட்டி 1970களில் உருவான பீன்யா தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகள் மிகுதி. தமிழகத்திலிருந்து வந்து அங்கே கடைசல் வேலை செய்யும் குடும்பங்களும் பல. அத்தகைய வீடொன்றின் மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்த பழைய மகிழுந்து ஜாக்கி கிடப்பது வியப்பன்று. அது எந்த நாட்டுப் பொருள், எந்த வண்டிக்கு உரியது என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. பழைய இரும்பு வாங்குபவர் தெருவில் வந்ததும் அது தராசில் ஏறிவிடுகிறது. உருக்காலைக்குச் சென்றபின் அதன் வரலாற்றை யாரும் மீட்க இயலாது.

விற்பதற்கு முன் அதனை வாசித்துப் பார்க்கலாம். முதலில் துடைக்க வேண்டும். பட்டறைப் பழக்கத்தில் பலர் கிரைண்டரை எடுத்துவிடுவர், அது பெரும்பிழை. துருவோடு எழுத்தும் போய்விடும். மண்ணெண்ணெயும் தூரிகையும் போதும். பின்னர் சுண்ணக்கட்டியைத் தேய்த்தால் வார்ப்பில் உள்ள எழுத்துகள் வெளிப்படும்.

எழுத்துகள் காலத்தைச் சொல்லும். ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருந்தால் அது 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. அப்பெயரில் ஒரு நாடு இருந்த காலம் அவ்வளவே. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் 1952க்குப் பிந்தையது. அம்முத்திரைக்கான சட்டம் அவ்வாண்டில்தான் இயற்றப்பட்டது. ‘30 சி.டபிள்யூ.டி.’ என்றிருந்தால் அது 30 அந்தர். ஓர் அந்தர் 112 பவுண்டு. ஆகவே அந்த ஜாக்கி ஏறத்தாழ 1,520 கிலோ தூக்கும். காப்புரிமை எண் காணப்பட்டால் சற்று எச்சரிக்கை தேவை. கருவி அந்த எண்ணுக்கு முந்தியதன்று என்பதையே அது காட்டும். செய்த ஆண்டைக் காட்டாது.

எழுத்தே இல்லையெனில் மரையைப் பார்க்க வேண்டும். திருகுத் தண்டின்மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் மரைவரிகள் தாளில் பதியும். பத்து மரைகளின் தொலைவு 63.5 மி.மீ. எனில் ஒரு மரைக்குக் கால் அங்குலம்: அது பிரிட்டன் அல்லது அமெரிக்க முறை. 60 மி.மீ. எனில் மெட்ரிக் முறை. ஒரே மரையை அளந்தால் வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது; பத்தை அளந்தால் பள்ளி அளவுகோலே காட்டிவிடும். எனினும் அங்குல மரை என்பதாலேயே வெளிநாட்டுப் பொருள் என்று முடிவு செய்தல் கூடாது. இந்தியா 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறைக்கு மாறிய பின்னரும் பழைய லேத்துகள் அங்குல மரையை வெட்டிக்கொண்டுதான் இருந்தன.

பெயருக்கும் ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் ஏவல் வேலை செய்யும் எந்தப் பையனையும் ‘ஜாக்’ என்றே அழைத்தனர். அவன் வேலையைச் செய்த கருவிக்கும் அப்பெயரே வாய்த்தது. அது நம் பட்டறைகளில் ‘ஜாக்கி’ ஆயிற்று.

இனி விலை. இரும்பாக மதித்தால் எடைக்கு எடை. அதுவே மிகக் குறைந்தது. பழைய வண்டிகளைப் பேணுவோர் வேறுவிதமாக மதிப்பர். 1961 முதல் சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வண்டி ஒன்று தன் ஜாக்கியை இழந்திருந்தால், அதே வகை ஜாக்கிக்கு அதன் உரிமையாளர் மகிழ்ந்து பணம் தருவார். ஆகவே எந்த வண்டிக்கு உரியது என்பதை அறிவதே விலையை அறிவதாகும். தாத்தா எந்த வண்டி ஓட்டினார் என்று வீட்டில் கேட்பது நல்ல தொடக்கம். சிவாஜிநகரிலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ உள்ள பழைய உதிரிபாகக் கடைகளில் விசாரிக்கும்போது, சொல்லும் விலையை விடுத்து, விற்ற விலையைக் கேட்க வேண்டும்.

பயன்படுத்துவதற்காக மதிப்பிடுவதே கடினமானது. அங்கே தவறினால் போவது பணமன்று, உயிர். தண்டைவிட அதனைத் தாங்கும் நட்டின் மரை விரைவில் தேயும். தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் தளர்ச்சி தெரிகிறதா, மரை விளிம்புகள் கத்திமுனைபோல் மெலிந்துள்ளனவா என்று பெரியவர் ஒருவர் பார்க்க வேண்டும். இவற்றுள் ஒன்று இருந்தாலும், ‘தூக்கப் பயன்படுத்தக் கூடாது’ என்று அட்டையில் எழுதிக் கம்பியால் கட்டிவிட வேண்டும். குறையற்ற ஜாக்கியாயினும், அதனை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழைதல் ஆகாது. பளுவை ஸ்டாண்டின்மேல் இறக்கிய பிறகே நுழைய வேண்டும்.