வெற்றுத் தகரமும் வினைத்திறனும்

உலகப் பொருள்களை நாம் பயனுடையவை என்றும் பயனற்றவை என்றும் எளிதிற் பகுத்துவிடுகின்றோம். எண்ணெய் தீர்ந்த தகரத்தையும் பால் தீர்ந்த டப்பாவையும் இரண்டாம் வகையிற் சேர்த்துப் புழைக்கடையில் எறிந்துவிடுதல் நம்மிற் பலரது வழக்கம். ஆயின், அவ்வாறு எறியப்பட்டதனை எடுத்து வெட்டியும் மடித்தும் பற்றவைத்தும் புனலாகவும் முறமாகவும் அடுப்பாகவும் உண்டியலாகவும் ஆக்கித் தரும் கைத்தொழில் ஒன்று நம் தெருக்களில் நெடுங்காலமாக நிகழ்ந்து வருகின்றது. அத்தொழிலின் இயல்பு யாது, அதன்கண் அடங்கிய அறிவு யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் தகரம் என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பழந்தமிழில் இச்சொல் கூந்தலுக்குப் பூசும் நறுமணப் பொருளொன்றையும் குறித்தது. இன்று நாம் தகரம் என்று வழங்குவதோ மணமற்றது; தனி உலோகமும் அன்று. மெல்லிய இரும்புத் தகட்டின் இருபுறத்தும் வெள்ளீயம் பூசப்பெற்றதே அஃது. இரும்பு வலிமை தருகின்றது. வெள்ளீயம் துருவேறாமற் காக்கின்றது. இக்காவலில் ஒரு குறையும் உண்டு. துத்தநாகம் பூசிய தகட்டிற் கீறல் விழுந்தால் துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். வெள்ளீயம் பூசிய தகட்டிலோ, கீறல் விழுந்தவிடத்தில் இரும்பே முன்னினும் விரைந்து துருப்பிடிக்கும். ஆதலின், வெட்டிய விளிம்பை வெளியே நிற்கவிடாது மடித்து மறைத்தல் தகரவேலை செய்வோர் கைக்கொள்ளும் முதல் விதியாயிற்று. கையைக் கிழியாமற் காப்பதும் அம்மடிப்பே.

உணவை அடைத்துவைக்கும் தகரக் கலத்துக்குப் பீட்டர் டுராண்ட் என்பார் 1810-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உரிமை பெற்றார். எனினும், கீழ்நாடுகளின் இல்லங்களிற் பெருவாரியாகத் தகரத்தைக் கொண்டு சேர்த்தது உணவன்று, மண்ணெண்ணெயே. இதன் தொடர்பாக வணிக வரலாற்றிற் சுவையான நிகழ்ச்சியொன்று உண்டு. மார்க்கஸ் சாமுவேல் என்னும் இலண்டன் வணிகர், மண்ணெண்ணெயைத் தகரங்களில் அடைக்காது கப்பலின் வயிற்றிலேயே நிரப்பிக் கொணரும் முறையை வகுத்தார். 1892-ஆம் ஆண்டில் அவருடைய ‘மியூரெக்ஸ்’ என்னும் கப்பல் சூயசுக் கால்வாய் வழியாகக் கீழ்நாடுகளை நோக்கி வந்தது. மக்கள் தத்தம் பாத்திரங்களைக் கொணர்ந்து எண்ணெய் வாங்கிச் செல்வர், தகரச் செலவு முழுவதும் மிச்சமாகும் என்பது அவர் கணக்கு. கணக்குப் பிழைத்தது. எண்ணெய் மலிவாயிருந்தும் வாங்குவோர் தயங்கினர். காரணம் யாதெனின், போட்டியாளராகிய அமெரிக்க நிறுவனத்தின் நீல நிறத் தகரத்தை வாங்கினால் எண்ணெயோடு தகரமும் கிடைக்கும். அத்தகரம் கூரைக்கும் அடுப்புக்கும் சமையற் கருவிக்கும் உதவும். எண்ணெய் எரிந்து போவது, தகரம் நிற்பது அன்றோ? உண்மை உணர்ந்த சாமுவேல் தகரத் தகடுகளை வருவித்து, சிவப்பு நிறத் தகரங்களைக் கீழ்நாடுகளிலேயே செய்வித்து, அவற்றில் எண்ணெயை அடைத்து விற்கலானார். பெருவணிகர் குப்பையென்று தள்ளிய கலமே அவர்தம் வணிகத்தின் போக்கை மாற்றிற்று என்பது கருதத்தக்கது.

அம்மண்ணெண்ணெய்த் தகரம் ஏறக்குறைய 18 லிட்டர் கொள்ளும். அடி ஏறக்குறைய 9 அங்குலச் சதுரம். உயரம் ஏறக்குறைய 14 அங்குலம். இக்காலத்து 15 கிலோ எண்ணெய்த் தகரமும் அவ்வடிவினதே. மேல்மூடியை அகற்றிக் குறுக்கே ஒரு மரக்கட்டையைப் பொருத்தினால் நீர் சுமக்கும் கலம் ஆயிற்று. பக்கச் சுவர்களை விரித்தால் 36 அங்குல நீளமும் 14 அங்குல அகலமும் உள்ள ஒரு தகடு கிடைக்கும். அத்தகட்டினின்றே ஏனைய பொருள்கள் பலவும் பிறக்கின்றன.

எங்கள் கல்லூரிக்குச் செல்லும் வழியில், சந்தையை அடுத்த புளியமரத்தின் நிழலில் முதியவர் ஒருவர் இத்தொழில் செய்து வருகின்றார். அவருடைய கருவிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தகரம் வெட்டும் கத்தரி ஒன்று, தகட்டில் வடுப்படாது தட்டுதற்குரிய கொட்டாப்புளி ஒன்று, மடிப்பதற்கு இரும்புத் தண்டவாளத் துண்டு ஒன்று, பற்றவைக்கும் செப்புக் கோல் இரண்டு, கரியடுப்பு, நவச்சாரக் கட்டி. அவர் புனல் செய்வதை ஒருநாள் உடனிருந்து கண்டேன். ஓர் ஆணியையும் நூலையும் கொண்டு தகட்டில் 7 அங்குல ஆரமுள்ள அரைவட்டம் வரைந்தார், ஒட்டுக்கென விளிம்பில் அரை அங்குலம் மிகுத்து வெட்டினார், வளைத்தார், கூம்பு ஆயிற்று. அதன் வாய் எத்துணை அகலம் இருக்கும் என்று வினவினேன். “அதுவும் ஏழுதான், தம்பி” என்றார். அளந்து பார்த்தேன்; அவ்வாறே இருந்தது.

விடுதிக்குத் திரும்பிக் கணக்கிட்டபோதுதான் அதன் காரணம் விளங்கிற்று. 7 அங்குல ஆரமுள்ள முழுவட்டத்தின் சுற்று 44 அங்குலம்; அரைவட்டத்தின் வில் 22 அங்குலம். அவ்வில்லே கூம்பின் வாய்ச்சுற்று ஆகின்றது. 22 அங்குலச் சுற்றுடைய வட்டத்தின் விட்டம் 7 அங்குலம். எந்த ஆரத்தைக் கொள்ளினும், அரைவட்டத்தை வளைத்த கூம்பின் வாய் விட்டம் அவ்வாரத்தின் அளவே ஆகும். நாம் வகுப்பறையிற் கற்று மறந்ததனை அவர் கற்காமலே மறவாது வைத்திருந்தார்.

இனி, பற்றவைத்தலின் நுட்பத்தைக் காண்போம். பற்றாசு என்பது வெள்ளீயமும் காரீயமும் கலந்த கலவை. வெள்ளீயம் 232 பாகை வெப்பத்திலும் காரீயம் 327 பாகை வெப்பத்திலும் உருகுவன. ஆனால் 100 பங்கிற் 63 பங்கு வெள்ளீயமாகக் கலந்த கலவையோ 183 பாகையிலேயே உருகும். இரண்டும் தனித்தனியே வேண்டும் வெப்பத்தினும் குறைந்த வெப்பத்தில், கூடிய இரண்டும் இளகுகின்றன. ஆதலாற்றான் பற்றாசு எளிதில் உருகி இடுக்கிற் புகுகின்றது. சூடேறிய செப்புக் கோலை நவச்சாரத்தில் தேய்ப்பது அதன் முனையிற் படிந்த மாசு நீங்குதற்பொருட்டு. மாசுள்ள முனையிற் பற்றாசு ஒட்டாது உருண்டோடிவிடும். தகரத்தை இணைப்பதற்குமுன் துத்தநாகம் கரைத்த திராவகத்தை இணைப்பின்மேல் தடவுவதும் இக்கருத்துப் பற்றியே.

செய்பொருள்களுள் நெருப்பின் இயல்பை நன்கு அறிந்து செய்யப்பெறுவது மரத்தூள் அடுப்பாகும். தகரத்தின் அடிப்பக்கத்தில் ஒரு துளை இடுவர். நடுவில் ஒரு கட்டையை நிறுத்தித் துளை வழியே மற்றொரு கட்டையைச் செலுத்தி இரண்டும் உள்ளே சந்திக்குமாறு வைத்து, சுற்றிலும் மரத்தூளை இறுக்கமாக அடைப்பர். பின்னர்க் கட்டைகளை மெல்ல உருவிவிட்டால் காற்றுச் செல்லும் வழி உண்டாகும். கீழே தீயிட்டால் வெப்பக் காற்று மேலெழ, புதுக்காற்றுத் துளைவழியே நுழைய, தூள் உள்ளிருந்து சிறிது சிறிதாகக் கனன்று பல நாழிகை சீராக எரியும். மர அறுவைச் சாலையிற் கழிந்த தூளும் வீட்டிற் கழிந்த தகரமும் கூடி ஓர் ஏழைக் குடும்பத்தின் உலையை ஏற்றின. ஆணியால் துளைத்த துருவியும், மூடியில் வாய் கீறிய உண்டியலும், சிறுவர் இழுத்தோடும் வண்டியும் இவ்வாறு பிறந்தனவே.

இத்துணையும் கூறிய பின்னர், இத்தொழிலின் மறுபுறத்தையும் மறையாது கூறுதல் கடமையாகும். கழித்த கலம் யாவும் கொள்ளத்தக்கன அல்ல. பற்றாசிற் கலந்த காரீயம் உடலுக்கு நஞ்சு. சிறுவர்க்குப் பெருந்தீங்கு விளைப்பது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உணவு டப்பாக்களைக் காரீயப் பற்றாசு கொண்டு இணைத்தல் 1995-இற் சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஆதலின், பற்றவைத்த தகரத்திற் புளிப்புப் பண்டங்களை வைத்தல் தகாது.

விளக்கின் செய்தி இதனினும் துயரமானது. மின்சாரம் எட்டாத இல்லங்களில், எறிந்த குப்பியிலோ டப்பாவிலோ மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்டு விளக்காகக் கொண்டனர். அடி குறுகியும் கனம் இலதாயும் மூடி தளர்ந்தும் இருந்தமையால் அவை கவிழ்ந்து எண்ணெய் சிந்தித் தீப்பற்றின. இலங்கையில் அறுவை மருத்துவராகிய விஜய கொடகும்புர என்பார், இவ்வாறு வெந்துவந்தோர்க்குத் தாம் மருத்துவம் செய்த அனுபவத்தால் உந்தப்பட்டுக் காப்புள்ள விளக்கொன்றை வகுத்தார். அது குட்டையானது, கனத்த கண்ணாடியால் ஆயது, கவிழினும் உருளாதவாறு இருபக்கம் தட்டையானது, எண்ணெய் சிந்தாதவாறு திருகுமூடி உடையது. கழித்துவிடப்படும் மார்மைட்டுக் குப்பியின் வடிவே அவருக்கு வழிகாட்டிற்று என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது. அப்பணிக்காக 1998-இல் அவருக்கு ரோலெக்சுப் பரிசு வழங்கப்பட்டது. கழித்த பொருளே தீங்கும் விளைத்தது. நன்மைக்கு வழியும் காட்டிற்று. இடையே நின்று வேறுபாடு செய்தது அறிவு.

அவ்வறிவைப் புளியமரத்தடியிலும் கண்டேன். ஒருநாள் ஓர் அம்மையார் வண்ணம் தீட்டிய அழகிய டப்பா ஒன்றைக் கொணர்ந்து, அதற்குக் கைப்பிடி வைத்துத் தரவேண்டினார்; பிள்ளைகள் தண்ணீர் மொண்டு குடிப்பதற்கு என்றார். முதியவர் அதனை முகர்ந்து பார்த்தார். பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து இருந்த கலம் அது. “எத்தனை தரம் கழுவினாலும் போகாது, தாயி. பிள்ளைக்கு ஆகாது” என்று சொல்லி, மறுமொழிக்குக் காத்திராமல் அதன் அடியில் ஆணியால் ஐந்தாறு துளைகள் இட்டுவிட்டார். அன்று முற்பகல் முழுவதும் அவருக்கு வேறு வேலை வந்ததாக நான் காணவில்லை. வரவேண்டிய கூலியையும் இழந்து, அவ்வம்மையாரின் சினத்தையும் தாங்கி, அவர் வெற்றிலை மடித்துக் கொண்டிருந்தார்.

ஐயாயிரவர் அப்பம் உண்டு நிறைந்த பின்னரும் மிஞ்சிய துணிக்கைகளைச் சேர்த்தெடுக்குமாறு நம் ஆண்டவர் கட்டளையிட்டதையும், பன்னிரண்டு கூடைகள் நிறைந்ததையும் நாம் சிறுவயது முதற் கேட்டு வருகின்றோம். குறைவிலாது அளிக்க வல்லவரே வீணாக்குதலை விரும்பாராயின், நாம் எம்மாத்திரம்? ஆயினும் சேர்ப்பது மட்டும் போதாது. எது உணவுக்கு ஆகும், எது ஆகாது என்று தெரிந்து சேர்த்தல் வேண்டும். அத்தெரிவே இத்தொழிலின் உயிர்.

இம்முதியவரின் மக்கள் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டனர். பிளாஸ்டிக்குப் புனல் கடைதோறும் மலிவாகக் கிடைக்கின்றது. அதனைக் குறைகூறிப் பயனில்லை. ஆனால் தமிழ் பயிலும் மாணாக்கராகிய நாம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. மடிப்புக்கு மடிப்பு, கருவிக்குக் கருவி, அவர் வாயில் வழங்கும் சொற்கள் பல நம் அகராதிகளிற் காணப்படவில்லை. இவ்விடுமுறையில் நான் ஒரு குறிப்பேட்டுடன் அம்மரத்தடிக்குச் செல்லக் கருதியுள்ளேன். தத்தம் ஊர்களில் இத்தகையோர் இருப்பின், அன்பர்களும் அவ்வாறே சென்று அமர்ந்து கேட்டு எழுதிவருவார்களாக.