வெடிப்புக்குப் பின் எஞ்சும் ஒளி

அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா ஏவியிருந்த வேலா செயற்கைக்கோள்கள், 1967 ஜூலை 2 அன்று விண்ணின் ஆழத்திலிருந்து வந்த காமாக்கதிர் வீச்சு ஒன்றைப் பதிவு செய்தன. இத்தகைய வெடிப்புகள் பற்றிய செய்தி 1973இல்தான் வெளியானது. பின்னர் ஏறத்தாழ கால் நூற்றாண்டு அறிஞர்கள் ஒரே வினாவில் தேங்கி நின்றனர். இவை நமது பால்வீதியைச் சார்ந்தவையா, பேரண்டத்தின் தொலைவில் நிகழ்பவையா? சில நொடிகளில் மறைந்துவிடும் ஒன்றின் தொலைவை எங்ஙனம் அளப்பது?

விடை தந்தது வெடிப்பன்று, அதன் பின்னொளிர்வு. 1997 பிப்ரவரி 28இல் பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் ஒரு வெடிப்பைக் கண்டது. எட்டு மணி நேரம் கழித்து அதே திசையில் எக்ஸ் கதிர்கள் மங்கிக்கொண்டிருந்தன. அவ்வாண்டு மே 8இல் தோன்றிய மற்றொன்றின் ஒளியை ஹவாயின் கெக் தொலைநோக்கி பகுத்து நோக்கியபோது, அது ஏறக்குறைய 700 கோடி ஆண்டுகளேனும் பயணம் செய்து வந்தது எனத் தெளிவாயிற்று.

இவ்வொளியை மடிந்த விண்மீனின் ஒளியென நாம் கருதிவிடலாகாது. ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாயும் பொருள்தாரை, சுற்றியுள்ள மெல்லிய வாயுவில் மோதி அதிர்ச்சி அலையை எழுப்புகிறது. அங்கு முடுக்கப்பெறும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று சிங்க்ரோட்ரான் கதிர்களை உமிழ்கின்றன. வாயுவை வாரிச் சேர்க்குந்தோறும் தாரையின் வேகம் தளர்கிறது. கதிர்வீச்சின் உச்சம் எக்ஸ் கதிரிலிருந்து கட்புல ஒளிக்கும், பின் ரேடியோ அலைக்கும் இறங்குகிறது. எனவேதான் ரேடியோ ஒளிர்வு மாதக்கணக்கில் நீடிக்கிறது.

இதற்கு மே 8 வெடிப்பே அழகிய சான்று. அதன் ரேடியோ அலைகள் முதற்சில வாரங்கள் மினுமினுத்தன. பிறகு மினுக்கம் அடங்கிற்று. விண்மீன்கள் மினுக்குவதும் கோள்கள் பெரிதும் மினுக்காததும் நாம் அறிந்ததே. புள்ளியாய்த் தெரிவதே மினுக்கும். இங்கு மினுக்கச் செய்தது நம் வளிமண்டலமன்று, பால்வீதியின் மின்னூட்ட வாயு. மினுக்கம் ஓய்ந்ததெனில் மூலம் பருத்துவிட்டது என்பதே பொருள். அந்தப் பருமனை நாள்களால் வகுத்தால், ஒளியின் வேகத்தை ஒட்டிய விரிவு கிடைக்கிறது. நமது மதிப்பில், சமன்பாடுகள் பலவற்றினும் இம்மினுக்கம் வலிய சாட்சி.

தாரை நம்மை நோக்காதபோது என்னாகும்? 2017 ஆகஸ்ட் 17இல் இரு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்தபோது ஈர்ப்பலையும், 1.7 நொடிகளுக்குப் பின் காமாக்கதிரும் வந்தன. எக்ஸ் கதிரோ ஒன்பது நாள்கள் கழித்தே தென்பட்டது. மங்குவதற்கு மாறாக ஐந்து மாதங்கள் வரை வளர்ந்தது. விலகிப் பாய்ந்த தாரை தளரத் தளர, அதன் ஒளிக்கூம்பு அகன்று நம்மையும் தொட்டது.