வணிகச் சட்டம் ஏன் என்று கேட்டால்

சட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும்போது, வணிகச் சட்டத்தில் உங்களுக்கு ஏன் ஆர்வம் என்று கட்டாயம் கேட்பார்கள். பெரும்பாலும் வரும் பதில் ஒரே மாதிரி இருக்கிறது: வளரும் பொருளாதாரம், சவாலான துறை, சிறு வயது முதலே ஈடுபாடு. உங்கள் பெயரை எடுத்துவிட்டு வகுப்புத் தோழரின் பெயரைப் போட்டாலும் அந்தப் பத்தி பொருந்துமானால், அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். ஆர்வம் இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. ஒரு விவகாரத்தை எடுத்து, அதில் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறீர்கள் என்று காட்டினால் நம்புவார்கள்.

எப்படி என்று பார்ப்போம். கோவையில் பம்ப்செட்டுக்கு வார்ப்பு உதிரிபாகம் செய்கிற சிறு பட்டறை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சிறு தொழில் என்பதற்கான உத்யம் பதிவு இருக்கிறது. பெரிய கம்பெனி ஒன்றுக்குச் சரக்கு போய்விட்டது. பர்ச்சேஸ் ஆர்டர், கையெழுத்தான டெலிவரி சலான், பில் எல்லாம் ஃபைலில் பத்திரமாக இருக்கின்றன. பணம் 40 லட்சம் மட்டும் வரவில்லை. முதலாளிக்கு என்ன வழி?

திவால் சட்டத்தைக் காட்டி மிரட்டலாம் என்று முதலில் தோன்றும். 2016-இல் அந்தச் சட்டம் வந்தபோது ஒரு லட்சம் பாக்கி இருந்தாலே தீர்ப்பாயத்துக்குப் போக முடிந்தது. 2020 மார்ச்சில் அந்த வரம்பை ஒரு கோடியாக உயர்த்திவிட்டார்கள். 40 லட்சத்துக்கு அந்த வழி இல்லை.

வணிக நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே 2018 முதல் 3 லட்சம் இருந்தாலே போதும். ஆனால் அவசர இடைக்கால நிவாரணம் தேவைப்படாத வழக்கென்றால் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும். அது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது.

இன்னொரு வழி, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் குறு, சிறு தொழிலுக்குப் பணம் தர 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. இதற்கென்றே உள்ள கவுன்சிலில் மனு போடலாம். அங்கே தோற்ற கம்பெனி தீர்ப்பை ரத்து செய்யக் கோரினால், 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் வர வேண்டும். 2023 நிதிச் சட்டம் இன்னொரு பிடியும் போட்டது: கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும்.

இவ்வளவும் பாடப்புத்தகத்தில் கிடைக்கும். இதற்கு அடுத்த கேள்விதான் உங்களைத் தனியாகக் காட்டும். அந்தக் கம்பெனிதான் பட்டறையின் மிகப் பெரிய வாடிக்கையாளர் என்றால்? மனு போட்டால் வட்டியோடு பணம் வரலாம், அடுத்த ஆர்டர் வராமல் போகலாம். சட்டம் தரும் உரிமையை எப்போது பயன்படுத்துவது, எப்போது பேச்சுவார்த்தையில் அதைத் துருப்பாக வைத்துக்கொள்வது என்று யோசிக்கத் தொடங்கும் இடத்தில் வணிகச் சட்டம் பிடித்துப்போகிறது. கட்சிக்காரர் வக்கீலிடம் எதிர்பார்ப்பதும் இந்த யோசனையைத்தான்.

விண்ணப்பத்தில் இதை நான்கைந்து வரியில் எழுதலாம். எந்த விவகாரத்தைப் பார்த்தீர்கள், அதில் எது உங்களை யோசிக்க வைத்தது, அதைத் தெரிந்துகொள்ள என்ன படித்தீர்கள், அந்த வேலையை இந்த நிறுவனத்தில் செய்ய ஏன் விரும்புகிறீர்கள். கடைசிக் கேள்வியை அலட்சியமாக விடாதீர்கள். வங்கிக் கடன் விவகாரங்களில் பெயர் பெற்ற நிறுவனத்துக்குப் பங்கு வெளியீடு பற்றி எழுதினால், அவர்களைப் பற்றி நீங்கள் எதுவும் பார்க்கவில்லை என்று புரிந்துவிடும்.

அப்பாவின் கடை, மாமாவின் லாரி, விடுமுறையில் கணக்கெழுதிய மில் எதுவானாலும் உதாரணமாகும், கூச்சப்பட வேண்டாம். அப்படி எதுவும் இல்லையென்றால் ஒரே ஒரு தீர்ப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள். நேர்காணலில் அதையே பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் குடைவார்கள். அதற்கும் பதில் சொல்கிற அளவுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்.