தூண் நகர்ந்த தூரம்

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கரையில் பெரும் நிலநடுக்கம். அங்கே ஓஷிக்கா தீபகற்பத்தில், தரையில் ஊன்றிய தூணின் உச்சியில் ஒரு ஜி.பி.எஸ். ஆன்டெனா. அந்தத் தூண் தரையோடு சேர்ந்து 5.3 மீட்டர் நகர்ந்தது, 1.2 மீட்டர் தாழ்ந்தது!

இத்தனை பெரிய நகர்வை அளந்துவிடலாம். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் நகரும் நிலம்தான் சவால். காற்றிலுள்ள நீராவி செயற்கைக்கோள் சமிக்ஞையைச் சற்றே தாமதப்படுத்தும், அளவு பிசகும். அதிலும், பக்கவாட்டு நகர்வைவிட ஏற்ற இறக்கத்தில் பிழை இரண்டு மூன்று மடங்கு அதிகம். செயற்கைக்கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேலேதானே இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றுமில்லையே! ஆகவே, ஒருநாள் அளவை நம்பாமல் ஆண்டுக்கணக்கில் அளக்கிறார்கள். ஜப்பானில் மட்டும் சுமார் 1,300 நிலையங்கள் இரவு பகலாக இந்த வேலையில் இருக்கின்றன.