உஷார்! உங்கள் ஏ.டி.எம். எந்த விண்டோஸில் ஓடுகிறது?

பணம் எடுக்கப் போன இடத்தில் ஏ.டி.எம். திரை திடீரென்று கறுத்து, மறுபடி உயிர் பெற்று, விண்டோஸ் சின்னம் தெரிந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். "மெஷின் ஹேங் ஆயிடுச்சு சார்" என்று செக்யூரிட்டி சொல்ல, அடுத்த ஏ.டி.எம்.மைத் தேடிப் போயிருப்பீர்கள். கொஞ்சம் நின்று யோசியுங்கள். நோட்டை எண்ணித் தரும் அந்தப் பெட்டிக்குள் இருப்பது, அலுவலக மேசையில் இருப்பது போன்ற ஒரு கம்ப்யூட்டர்தான். அதற்கும் வைரஸ் வரும். அதற்கும் அப்டேட் வேண்டும். அப்டேட் நின்றுபோன கம்ப்யூட்டரிடம் நம் கார்டையும் ரகசிய எண்ணையும் கொடுப்பது பூட்டாத வீட்டில் நகையை வைப்பதற்குச் சமம்.

பெட்டியின் கீழ்ப்பாதி கனத்த இரும்புப் பெட்டகம், பணம் அங்கே. கம்ப்யூட்டர் இருப்பது மேல்பாதியில். அதைக் காப்பது பெரும்பாலும் மெல்லிய தகடும் சாதாரணப் பூட்டும்தான். பெட்டகத்தை உடைக்க கேஸ் கட்டர் வேண்டும், ஆட்கள் வேண்டும், நேரம் வேண்டும். கம்ப்யூட்டரைப் பிடித்தவனுக்கு இது எதுவும் தேவையில்லை. "நோட்டைத் தள்ளு" என்ற கட்டளை வங்கியின் மென்பொருளிலிருந்து வந்ததா, திருடன் யு.எஸ்.பி.யில் கொண்டுவந்த நிரலிலிருந்து வந்ததா என்று பல பழைய இயந்திரங்கள் சரிபார்ப்பதே இல்லை. தள்ளிவிடும். இதற்கு 'ஜாக்பாட்டிங்' என்று பெயர்.

கற்பனை என்று நினைக்க வேண்டாம். 2010-ல் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டு மேடையில், பார்னபி ஜாக் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இரண்டு ஏ.டி.எம்.களை எல்லோர் கண்ணெதிரிலும் நோட்டு கொட்ட வைத்துக் காட்டினார். ஒன்றைத் திறக்க அவருக்கு ஒரு சாவியும் யு.எஸ்.பி.யும் போதுமானதாக இருந்தன. மற்றதைத் தொடவேகூட இல்லை, தொலைவிலிருந்தே செய்தார். 2014-ல் கிழக்கு ஐரோப்பாவில் 'டியூப்கின்' என்ற தீநிரல் (மால்வேர்) பிடிபட்டது. ஒரு சி.டி. மூலம் ஏ.டி.எம்.முக்குள் ஏறி, ஞாயிறு, திங்கள் இரவுகளில் மட்டும் விழித்துக்கொள்ளும் நிரல் அது. சரியான குறியீட்டைத் தட்டினால் ஒரு தடவைக்கு 40 நோட்டு. 2016 ஜூலையில் தைவானின் ஃபர்ஸ்ட் பேங்க் 41 இயந்திரங்களில் 8 கோடி தைவான் டாலருக்கு மேல் இழந்தது. கொள்ளையர் எந்தக் கார்டையும் சொருகவில்லை. முன்னால் நின்று அள்ளிக்கொண்டு போனார்கள்.

அது வங்கியின் பணம், நமக்கென்ன என்று தோன்றலாம். அப்படி நினைப்பதுதான் ஆபத்து. நோட்டைத் தள்ளவைக்க முடிந்தவனால், அந்தக் கம்ப்யூட்டர் வழியே போகும் கார்டு விவரங்களையும் திருட முடியும். 2016-ல் நம் நாட்டிலேயே ஏ.டி.எம். சேவை நிறுவனம் ஒன்றின் கணினிகளில் தீநிரல் புகுந்தது. மே மாதமே புகுந்துவிட்ட அது, மக்களுக்குத் தெரியவந்தது அக்டோபரில். சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளுக்கு ஆபத்து என்று வங்கிகள் பதறின. கார்டுகளை முடக்கின, ரகசிய எண்ணை மாற்றச் சொன்னன. 19 வங்கிகளின் 641 வாடிக்கையாளர்கள் சுமார் 1.3 கோடி ரூபாயை இழந்திருந்தார்கள். அவர்கள் யாரும் ஓ.டி.பி.யை யாருக்கும் சொன்னவர்கள் அல்லர். ஏ.டி.எம்.மில் கார்டைச் சொருகியதைத் தவிர வேறு தவறு எதுவும் செய்யாதவர்கள்.

என்னை உண்மையில் பயமுறுத்துவது திருடர்களின் சாமர்த்தியத்தைவிட நம் மெத்தனம்தான். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் தன் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரல் 8-ல். நாள் பல ஆண்டுகள் முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் அன்றைக்கு உலக ஏ.டி.எம்.களில் பெரும்பாலானவை எக்ஸ்.பி.யில்தான் ஓடின. ரிசர்வ் வங்கி 2017-ல் எச்சரித்தது. வேலை நகரவில்லை என்று கண்டு, 2018 ஜூன் 21-ல் கறாராகக் கெடு விதித்தது: கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளைக் காக்கும் பயாஸ் பாஸ்வேர்டும் யு.எஸ்.பி. அடைப்பும் ஆகஸ்டுக்குள், நான்கில் ஒரு பங்கு இயந்திரங்களில் புதிய இயங்குதளம் செப்டம்பருக்குள், முழுவதும் 2019 ஜூனுக்குள். அதாவது, ஆதரவு நின்று ஐந்து ஆண்டுகள் கழித்து! அதற்கும், செலவு தாங்காது, 1.13 லட்சம் ஏ.டி.எம்.களை மூட வேண்டியிருக்கும் என்று ஏ.டி.எம். நிறுவனங்களின் கூட்டமைப்பு அந்த நவம்பரிலேயே எச்சரித்தது. செலவு உண்மைதான். பல பழைய கம்ப்யூட்டர்களில் புதிய விண்டோஸ் ஏறாது. பெட்டியின் மூளையையே மாற்ற வேண்டும். ஆனால் அந்தச் செலவைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் ஆபத்தைச் சுமந்தவர்கள் வாடிக்கையாளர்கள்.

அதே கதை திரும்பி வருகிறது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ல் ஆதரவு முடிந்தது. சாதாரண விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. ஏ.டி.எம். போன்ற கருவிகளுக்கென்று தரப்படும் நீண்டகாலப் பதிப்புகளுக்குத் தனித்தனி நாள்: 2016 பதிப்புக்கு 2026 அக்டோபர் 13, 2019 பதிப்புக்கு 2029 ஜனவரி. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே விண்டோஸ் 10. எந்தப் பெட்டியில் எந்தப் பதிப்பு என்ற கணக்கு வங்கியிடம் இருக்கிறதா? உங்கள் கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அதுவரை, வங்கியில் உங்கள் செல்போன் எண் சரியாக இருக்கட்டும். எடுக்காத பணத்துக்கு எஸ்.எம்.எஸ். வந்தால் அந்த நிமிடமே கார்டை பிளாக் செய்து, வங்கியிலும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-லும் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். தவறு உங்களுடையதும் அல்ல, வங்கியுடையதும் அல்ல, வேறெங்கோ நடந்த ஊடுருவல் என்றால், தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னவருக்கு இழப்பே கிடையாது என்றது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை. வங்கியின் கவனக்குறைவே காரணம் என்றால், தாமதமாகச் சொன்னாலும் பொறுப்பு வங்கியுடையது. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான்.

திரையில் வழக்கமான மெனு இல்லாமல் விண்டோஸ் டெஸ்க்டாப்போ, பிழைச் செய்தியோ தெரிந்தால், அல்லது இயந்திரத்தின் மேல் மூடி திறந்திருந்தால், கார்டைச் சொருகாதீர்கள். இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு வெளியே வந்து, உங்கள் கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.