கடைசியாக எப்போது குடித்தார்?

"தம்பி, எங்க அண்ணன் ரொம்பக் குடிக்கிறாரு. எந்த ஹோம்ல சேக்கலாம்? நல்ல இடமா ஒண்ணு சொல்லுங்க."

காலை நிகழ்ச்சியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படி ஓர் அழைப்பு மாதம் ஒருமுறையாவது வந்துவிடும். ஒலிபரப்பில் போட முடியாத அழைப்பு. முன்பெல்லாம் இரண்டு தொலைபேசி எண்களைக் கொடுத்துவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவேன்.

இப்போது அப்படிச் செய்ய மனம் வருவதில்லை. காரணம், சுகாதாரப் பகுதிக்காக நான் பேட்டி கண்ட ஒரு டாக்டர். போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை அளிப்பவர். யாருக்கு எந்த அளவு சிகிச்சை தேவை என்று மதிப்பிடும் அமெரிக்க முறை ஒன்றில் பயிற்சி முடித்திருந்தார். அமெரிக்கப் போதை மருத்துவச் சங்கம் 1991-இல் வெளியிட்ட வழிகாட்டி அது. 2023-இல் நான்காம் பதிப்பு வந்தது. அதற்குமுன் அங்கே பல இடங்களில், யார் வந்தாலும் 28 நாள் தங்கும் சிகிச்சைதான். ஈரல் கெட்டவருக்கும் 28 நாள், வேலையை விட முடியாத இளைஞருக்கும் 28 நாள்.

புதிய முறையில் ஆளை ஆறு பக்கமாகப் பார்க்கிறார்கள். குடியை நிறுத்தினால் உடம்பு எப்படி எதிர்வினை காட்டும்? வேறு நோய் உண்டா? மனநிலை எப்படி? மறுபடியும் தொட்டால் என்ன ஆபத்து? வீடும் சுற்றுப்புறமும் எப்படி? அவருக்கே என்ன வேண்டும், அதற்குத் தடையாக இருப்பது எது? இத்தனையும் பார்த்த பிறகுதான் இடம். வந்து போகும் கிளினிக், வாரம் 9 மணி நேரமாவது வந்து போகும் தீவிர சிகிச்சை, தங்கும் இல்லம், மருத்துவமனை வார்டு என்று நான்கு படிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் உட்பிரிவுகள்.

படிக்க எளிது, பழகத்தான் கடினம் என்றார் டாக்டர். பயிற்சியில் ஒரே நோயாளியின் கதையை எல்லாருக்கும் கொடுப்பார்களாம். ஒருவர் வார்டு என்பார், இன்னொருவர் கிளினிக் போதும் என்பார். ஏன் என்று ஆறு கேள்விகளையும் வைத்து வாதாட வேண்டும். பாதிப் பேர் செய்யும் தவறு, எங்கே கட்டில் காலியோ அங்கே ஆளைப் பொருத்துவது. அழைத்தவர்களுக்கு நான் செய்துகொண்டிருந்ததும் அதுதானே!

கேள்வி கேட்கவும் பழக வேண்டியிருக்கிறது. "எவ்வளவு குடிப்பீங்க?" என்றால் எல்லாரும் கொஞ்சம்தான் என்பார்கள். "கடைசியா எப்ப குடிச்சீங்க? முன்ன நிறுத்தினப்ப உடம்புக்கு என்ன ஆச்சு?" என்றால் விவரம் வரும். நம் குடும்பங்களில் அதற்கும் மனைவிதான் பதில் சொல்வார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அம்மாவின் மனம் நோகாமல் பத்து நிமிடம் வெளியே உட்காரவைப்பதும் ஒரு திறமைதான்.

அந்தக் கேள்விகளைக் கேட்டதும் எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது. வருஷக்கணக்காகச் சம்சு குடித்தவர். ஒரு தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டு, ஒரே நாளில் நிறுத்தினார். எல்லாருக்கும் சந்தோஷம். மறுநாள் காலை கை நடுங்கியது. அன்று இரவு சாமி அறையில் உடம்பே உதறியது. அருள் வந்துவிட்டது என்று பெரியம்மா திருநீறு பூசினார். ஓர் அத்தை தேங்காய் உடைத்தார். வாயில் ரத்தம் கண்ட பிறகுதான் யாரோ காரை எடுத்தார்கள்.

அது வலிப்பு. மதுவின் அழுத்தத்துக்குப் பழகிய மூளை, அது திடீரென்று விலகியதும் கட்டுமீறித் துடிக்கிறது. கடைசிக் குடிக்குப் பின் 6 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வலிப்பு வரும்; சிலருக்கு 2 முதல் 4 நாளில் பிதற்றலும் காய்ச்சலும் வரும், உயிரே போகலாம். மன உறுதியால் தடுக்கக்கூடியது அல்ல. மருந்தும் பி1 ஊசியும் கண்காணிப்பும் வேண்டும். எல்லாருக்கும் இப்படி வராது. பலர் டாக்டரின் துணையோடு வீட்டிலிருந்தே நிறுத்துகிறார்கள். யாருக்கு எது என்று பிரிப்பதுதான் அந்தப் பயிற்சி.

பெரியப்பா பிழைத்தார். பிறகு குடும்பமே காசு சேர்த்து ஓர் இல்லத்தில் 3 மாதம் விட்டோம். தெளிந்து, சதை போட்டுத் திரும்பினார். வீட்டுக்குப் பின்னால் அதே கடை, அதே கூட்டாளிகள், சாயங்காலம் கைக்கு வரும் அதே தினக்கூலி. இரண்டு வாரம் தாங்கினார். இல்லத்தைக் குறை சொல்ல நான் தயாரில்லை. வீடு எப்படி என்ற ஐந்தாவது கேள்வியை நாங்களும்தான் கேட்கவில்லை.

பேட்டி முடிந்த அன்று இரவு அம்மாவிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன்: "பெரியப்பாவுக்கு அதுக்கு முன்னாடி எப்பவாச்சும் வலிப்பு வந்திருக்காம்மா?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார். "ஏன் வரல? தோட்டத்துல இருக்கறப்பவே ஒரு தடவை விழுந்தாரே. தீபாவளிக்கு முந்தின வாரம், கையில காசே இல்லாம கிடந்தப்ப. உடம்பு சூடுன்னு இளநீ வாங்கிக் குடுத்தோம்."