பிளவில் பதிந்த நீலக்கல்

பிளவு விழுந்த மரத்திற்கு நம் ஊர்களில் பெரும்பாலும் ஒரே முடிவுதான்: அடுப்பு. பூச்சி துளைத்த கட்டையையும் கணு உதிர்ந்த பலகையையும் தச்சர் ஒதுக்கி விடுவார். அது விறகாகி எரியும். ஆனால் அமெரிக்க நாட்டின் தென்மேற்கில், அரிசோனா, நியூ மெக்சிகோ, டெக்சாஸ் ஆகிய வறண்ட மாநிலங்களில், கடைசல் வேலை செய்வோர் பலர் அத்தகைய மரத்தையே விரும்பி எடுக்கின்றனர். அதன் பிளவில் நீலக்கல்லின் துகளை நிரப்பி, அழகிய கிண்ணங்களாகக் கடைந்து வைக்கின்றனர். அக்கலையின் நுட்பத்தை இங்குச் சற்றே காண்போம்.

அவர்கள் பெரிதும் கையாளும் மரத்தின் பெயர் மெஸ்கீட். பெயர் புதிதாயினும் மரம் நமக்குப் புதிதன்று. இராமநாதபுரத்துக் கரிமூட்டங்களில் வேகும் நம் சீமைக் கருவேலத்திற்கு அது நெருங்கிய உறவு. வறட்சியில் கோணலாக வளர்வதால் வெடிப்பும் துளையும் அதில் மிகுதி. எனினும் அதற்கு ஓர் அருங்குணம் உண்டு. உலரும்போது அது மற்ற மரங்களைவிட மிகக் குறைவாகவே சுருங்கும். கல் சுருங்குவதில்லை, மரமோ ஈரத்திற்கேற்ப விரியும், சுருங்கும். ஆதலால் அடக்கமாகச் சுருங்கும் மரமே கல்லுக்கு ஏற்ற துணையாகும். அதையும் நன்கு உலர்த்திய பின்னரே கல் பதிக்க வேண்டும். ஈர மரத்தில் பதித்த கல் நாளடைவில் கழன்று விடும்.

கல்லின் பெயர் டர்க்காய்ஸ். அதிலுள்ள செம்பே அதற்கு நீல நிறத்தை அளிக்கிறது. ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன்பே, நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கில் வாழ்ந்த மக்கள் இக்கல்லைச் சிறு துண்டுகளாக்கி அணிகலன்களில் பதித்தனர். ஆக, கல் பதிக்கும் வழக்கம் அம்மண்ணுக்குப் பழையது. கடைசல் கிண்ணத்தின் பிளவில் பதிப்பதே புதியது.

அப்புதுமைக்குத் துணை நின்றது ஒரு பசை. 1942-ஆம் ஆண்டு ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஆய்வு செய்த ஹாரி கூவர் என்பவர், துப்பாக்கியின் குறிகாட்டிக்கு உதவும் தெளிந்த பிளாஸ்டிக்கைத் தேடுகையில் ஒரு பொருளைக் கண்டார். அது தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டமையால் ஒதுக்கப்பட்டது. அதே குணத்திற்காகவே பின்னர் மதிக்கப்பெற்று, 1958-இல் விற்பனைக்கு வந்தது. இன்று நாம் சூப்பர் குளூ என்று அழைப்பது அதுவே.

இனி வேலை முறை. முதலில் கிண்ணத்தின் வெளிப்புறத்தை ஏறக்குறைய இறுதி வடிவத்திற்குக் கடைந்து கொள்வர். பிளவிலுள்ள தூசியையும் மக்கிய மரத்தையும் சுரண்டி எடுப்பர். பசை ஊறி மரத்தைக் கறைப்படுத்தாதிருக்க, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை ஓரங்களில் பூசுவர். பின்பு கல்லை நொறுக்கிச் சலித்து, பெரிய துகளை முதலில் இட்டு, இடைவெளிகளில் நுண்பொடியைத் தூவி, நீர்த்த பசையைச் சொட்டுச் சொட்டாக விடுவர். மரத்தின் மட்டத்திற்குச் சற்று மேலே எழும்வரை அடுக்கடுக்காக இவ்வாறு நிரப்புவர்.

இதன் பின்னரே பொறுமைக்குச் சோதனை. கல் மரத்தைவிடக் கடினமானது. உப்புத்தாளை வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் சுற்றிலுமுள்ள மரம் தேய்ந்து பள்ளமாகும். கல் மேடாக நிற்கும். எனவே தாளைக் கெட்டியான கட்டையில் சுற்றித் தேய்ப்பர். முரட்டுத் தாளில் தொடங்கிப் படிப்படியாக மென்மையான தாளுக்கு வருவர். உளியும் கல்லில் பட்டு விரைவில் மழுங்கும். அடிக்கடி தீட்டிக்கொள்ள வேண்டும்.

ஆபத்துகளையும் சொல்லாமல் விடலாகாது. கல்லின் தூசி நுரையீரலுக்குப் பகை. மூக்கையும் வாயையும் மூடும் முகமூடியின்றி இவ்வேலையில் இறங்கலாகாது. பசையின் ஆவி கண்ணை எரிக்கும். பருத்தித் துணியால் அப்பசையைத் துடைத்தால் துணி சூடேறிப் புகையவும் கூடும். எல்லாவற்றினும் முதன்மையானது: எல்லாப் பிளவும் நிரப்பத்தக்கதன்று. பசையும் பொடியும் பள்ளத்தை மூடுமேயன்றி, இரு கூறாகப் பிரியத் துணிந்த மரத்திற்கு உறுதி தருமென்று நம்பலாகாது. ஊடுருவிப் பிளந்த கட்டை, சுழலும் கடைசல் பொறியில் சிதறி ஆளைத் தாக்கக்கூடும். எதை நிரப்பலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று தேர்ந்தறிவதே இத்தொழிலின் தலையாய அறிவு.

விற்போர்க்கு ஒரு கடமையும் உண்டு. அரிசோனாவின் புகழ்பெற்ற ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கத்தில் இக்கல்லை எடுப்பது 2012-இல் நின்றுவிட்டது. நீலச்சாயம் ஏற்றிய மலிவான வெண்கல் பல இடங்களில் விலைபோகிறது. அழகுக்கு அதுவும் குறைந்ததன்று. ஆனால் சாயக்கல்லைச் சாயக்கல் என்றே சொல்லி விற்க வேண்டும். வாங்குவோரும் அறிய வேண்டியது உண்டு. இக்கிண்ணம் பார்வைக்கு உரியது. புளிப்பும் எண்ணெயும் கல்லின் நிறத்தைக் கெடுக்குமாதலால் சமையலறைப் புழக்கத்திற்கு ஆகாது.

பிளவை மரத்தூள் கொண்டு மறைப்பதும் ஒரு வழியே. இக்கலைஞரோ, மறைக்க முயலாமல், பிளவு இருந்த இடத்தையே காண்போர் கண் முதலில் செல்லும் இடமாக்குகின்றனர். நம் நாட்டிலும் கடைசல் வல்லாருக்குக் குறைவில்லை. அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகளே சான்று. சீமைக் கருவேலமோ கேட்பாரற்றுக் கிடக்கிறது. கரிமூட்டத்திற்குச் செல்லும் கட்டைகளுள் தடித்த ஒன்றையேனும் எடுத்து நன்கு உலர்த்தி, கடைசலில் ஏற்றிப் பார்க்க நம் இளைஞர் சிலர் முன்வரலாகாதா?